கிளிக் விழுந்த இடம்: திருப்புலிவனம் ஊர்ப்படத்தோடு ஒரு செய்முறை

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு வலைப்பக்கம் இருக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தின் ஊர்ப்படம் அதில் தெரியும். படத்தில் வியாக்ரபுரீசுவரர் கோயில்மேல் கிளிக் செய்தால் கோயிலின் பெயர் வரும். குளத்தின்மேல் செய்தால் குளத்தின் பெயர் வரும். ஏரியின் வளைந்த கரைக்குள் எங்கே செய்தாலும் ஏரி என்று வரும். வெற்றிடத்தில் செய்தால் எதுவும் வராது. உங்கள் ஊர் வேறாக இருந்தால் படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது. பட்டன், படப்பெட்டி, எழுத்துப்பெட்டி எதுவானாலும் அதற்குள் கிளிக் எங்கே விழுந்தது என்று அறியும் வழி ஒன்றுதான்.

முதலில் ஒரே ஒரு விதி

கிளிக் 340, 274 என்ற இடத்தில் விழுந்தது என்று கணினி சொன்னால் அது பாதிச் செய்திதான். எந்த மூலையிலிருந்து 340? எந்தத் திசையில்? எந்த அளவுகோலில்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத எண் ஓர் இடத்தைக் குறிக்காது. இந்த உண்மையை உத்திரமேரூர்ப் பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் கடைப்பிடித்திருக்கிறது. உத்திரமேரூர் போன்ற பிரமதேய ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தை விற்கவோ தானம் கொடுக்கவோ நேர்ந்தால், அது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதிரம் என்று எழுதுவது வழக்கம். வதி என்பது பாதை. பாதையும் வாய்க்காலும் அளவு தொடங்கும் கோடுகள். மேற்கும் வடக்கும் திசைகள். கண்ணாறும் சதிரமும் எண்ணும் அலகுகள். மூன்றில் ஒன்றை விட்டிருந்தாலும் ஒருவர் நிலம் இன்னொருவருக்குப் போயிருக்கும். திரையில் நிகழும் கிளிக் பிழைகள் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தவை. கணக்கு சரியாக இருக்கும். ஒரு மூலையிலிருந்து அளந்த எண்ணை வேறொரு மூலையிலிருந்து அளந்த எண்ணோடு கலந்திருப்பார்கள். ஆகவே விதி இது: கிளிக் வந்தவுடன், வாசலிலேயே, அதை ஒரே முறை படத்தின் சொந்த அளவுக்கு மாற்றுங்கள். அதன்பின் எல்லாச் சோதனையும் அந்த அளவிலேயே நடக்கட்டும்.

இனி இடமிருந்து வலமாக அளப்பதைக் குறுக்கு என்றும், மேலிருந்து கீழாக அளப்பதை நெடுக்கு என்றும் சொல்வோம். பள்ளிக் கணிதத்தில் நெடுக்கு மேல்நோக்கி ஏறும். திரையிலோ பெரும்பாலும் கீழ்நோக்கி ஏறும். இடது மேல் மூலைதான் 0, 0.

தேவையானவை

1. ஊர்ப்படம் ஒன்று. கையால் வரைந்து ஸ்கேன் செய்ததும் போதும். நம் எடுத்துக்காட்டில் படத்தின் சொந்த அளவு 1200 × 800 பிக்சல்.
2. ஒரு பிரவுசர், ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் தொடக்க அறிவு.
3. படத்தில் ஒரு புள்ளியின் ஆயத்தொலைவைக் காட்டும் ஏதாவது ஒரு பட மென்பொருள்.
4. ஒரு தாள். ஒவ்வோர் இடத்தின் பெயர், வடிவம், மூலைகள் ஆகியவற்றை நிரலில் ஏற்றுவதற்கு முன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பு: இங்கே கோயிலுக்கும் குளத்துக்கும் ஏரிக்கும் கொடுத்துள்ள எண்கள் பயிற்சிக்கானவை. உங்கள் படத்தில் நீங்கள் அளந்து எடுக்கும் எண்களை அவற்றின் இடத்தில் போடுங்கள்.

நான்கு மூலைகள்

பிரவுசர் ஒரே கிளிக்குக்கு நான்கு விதமான எண்களைத் தருகிறது. ஸ்கிரீன்-எக்ஸ் என்பது கணினித் திரையின் மூலையிலிருந்து அளந்தது. கிளையன்ட்-எக்ஸ் என்பது பிரவுசரில் இப்போது கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மூலையிலிருந்து அளந்தது. பேஜ்-எக்ஸ் என்பது முழுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து அளந்தது. பக்கத்தை மேலே தள்ளியிருந்தால் தள்ளிய தூரமும் இதில் சேரும். ஆஃப்செட்-எக்ஸ் என்பது கிளிக்கை நேரடியாக வாங்கிய உறுப்பின் உள்மூலையிலிருந்து அளந்தது. நான்கிலும் நெடுக்குக்குத் தனி எண் உண்டு. பக்கத்தை மேலே தள்ளாமல் சோதித்தால் கிளையன்ட் எண்ணும் பேஜ் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அதனால் இரண்டையும் குழப்பி எழுதிய நிரல் உங்கள் மேசையில் சரியாக ஓடும். நீளமான பக்கத்தில் வைத்த அன்றே தவறும்.

மற்றக் கருவிகளிலும் இதே கேள்விதான். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்தவர்கள் டிகின்டரில் ஊர்ப்படம் வைத்தால், ஈவென்ட்.எக்ஸ் என்பது அந்தப் பெட்டியின் இடது மேல் மூலையிலிருந்து அளந்த எண். ஆனால் கேன்வாஸை ஸ்க்ரோல் செய்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மூலை. படத்தின் மூலை அல்ல. கேன்வாஸ்எக்ஸ், கேன்வாஸ்ஒய் என்ற இரண்டு செயல்களால் அதை மாற்றியாக வேண்டும். ஸ்கிராட்ச் பழகும் பிள்ளைகளுக்கு மேடையின் நடுவே 0, 0 இருக்கிறது. குறுக்கு −240 முதல் 240 வரை. நெடுக்கு −180 முதல் 180 வரை, அதுவும் மேல்நோக்கி. அங்கே கிடைத்த எண்ணை இடது மேல் மூலை அளவுக்குக் கொண்டுவரக் குறுக்கோடு 240 கூட்டவேண்டும். நெடுக்கை 180-இலிருந்து கழிக்கவேண்டும்.

செய்முறை: கிளிக்கைப் படத்தின் அளவுக்கு மாற்றுதல்

எடுத்துக்காட்டாக, 1200 × 800 படம் பக்கத்தில் 600 × 400 அளவில் தெரிகிறது. சுற்றி 4 பிக்சல் கரைக்கோடு உண்டு. பெட்டியின் வெளிமூலை, தெரியும் பகுதியிலிருந்து 40 குறுக்கும் 120 நெடுக்குமாக இருக்கிறது. கிளிக் விழுந்த கிளையன்ட் எண்கள் 340, 274.

1. கிளிக்கைக் கேட்கும் நிரல்பாகத்தைப் படப்பெட்டியின்மேல் பொருத்துங்கள். பக்கம் முழுவதற்கும் பொருத்த வேண்டாம்.
2. கிளிக் வந்ததும் கிளையன்ட் எண்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. அதே கணத்தில் பெட்டியின் மூலையைக் கேளுங்கள். கெட்-பவுண்டிங்-கிளையன்ட்-ரெக்ட் என்ற செயல் அதைத் தரும். பக்கம் ஏறும்போது கேட்டு வைத்த பழைய மூலையைப் பயன்படுத்தாதீர்கள். சன்னலின் அளவு மாறினாலும் பக்கம் நகர்ந்தாலும் அது பொய்யாகிவிடும்.
4. மூலையைக் கழியுங்கள்: 340 − 40 = 300; 274 − 120 = 154.
5. கரைக்கோட்டைக் கழியுங்கள்: 300 − 4 = 296; 154 − 4 = 150. மேலே சொன்ன செயல் தருவது கரைக்கோட்டின் வெளிமூலை என்பதால் இந்தக் கழித்தல் தேவை. கரைக்கும் படத்துக்கும் இடையே இடைவெளி விட்டிருந்தால் அதையும் கழிக்கவேண்டும்.
6. விடை படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கு 0 முதல் 600-க்குக் கீழ், நெடுக்கு 0 முதல் 400-க்குக் கீழ் இருக்கவேண்டும். இல்லையென்றால் கரைக்கோட்டில் விழுந்த கிளிக், விட்டுவிடுங்கள்.
7. அளவுகோலை மாற்றுங்கள்: 1200 ÷ 600 = 2. ஆகவே 296 × 2 = 592; 150 × 2 = 300. நெடுக்குக்கான விகிதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். படம் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருந்தால் இரண்டும் வேறாக இருக்கும்.
8. இந்த 592, 300 என்பதுதான் படத்தின் சொந்த ஆயத்தொலைவு. இதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். இனிமேல் பழைய 340, 274 எங்கும் தலைகாட்டக் கூடாது.

ஒவ்வொரு படியையும் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் விதியின் பயன் தெளிவாகும். ஐந்தாம் படியை விட்டால் விடை 600, 308 ஆகும். பெரிய கோயிலில் இது தெரியாது. சிறிய பேருந்து நிறுத்தத்தில் தெரியும். ஏழாம் படியை விட்டால் 296, 150 என்று வந்து படத்தின் முற்றிலும் வேறு பகுதியைக் காட்டும். பக்கத்தை 500 பிக்சல் தள்ளிய நிலையில் கிளையன்ட் நெடுக்குக்குப் பதில் பேஜ் நெடுக்கை எடுத்தால் 774 − 120 − 4 = 650 வரும்; 400 உயரமுள்ள படத்துக்கு வெளியே போய்விடும். மூன்று பிழையும் மூன்று விதமாகத் தோன்றினாலும் வேர் ஒன்று: எண்ணோடு சேர்ந்து வரவேண்டிய மூலையோ அலகோ வழியில் தொலைந்துபோனது.

குறிப்பு: படத்தைப் பெட்டிக்குள் அடங்குமாறு பொருத்தும் வசதியைப் பயன்படுத்தினால் படத்தின் இருபுறமோ மேலும் கீழுமோ வெற்றுப் பட்டை விழும். அந்தப் பட்டையின் அகலத்தையும் ஐந்தாம் படியில் கழிக்கவேண்டும். பெட்டியின் விகிதத்தைப் படத்தின் விகிதத்தோடு ஒன்றாக, இங்கே 3-க்கு 2 என்று, வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

புள்ளி எந்த வடிவத்துக்குள்?

மாற்றிய புள்ளியை இனி ஒவ்வோர் இடத்தோடும் ஒப்பிடலாம். மூன்று வடிவங்கள் போதும்.

1. செவ்வகம். கோயில் வளாகம் இடது 560, மேல் 260, அகலம் 120, உயரம் 90 என்று வைப்போம். குறுக்கு 560 அல்லது அதற்கு மேல், 680-க்குக் கீழ். நெடுக்கு 260 அல்லது அதற்கு மேல், 350-க்குக் கீழ். நம் புள்ளி 592, 300 இரண்டிலும் தேறுகிறது. ஆகவே கோயில்.

2. வட்டம். குளத்தை நடுப்புள்ளி 450, 340 என்றும் ஆரம் 40 என்றும் வைப்போம். புள்ளி 474, 372 என்றால் வித்தியாசங்கள் 24, 32. அவற்றின் வர்க்கங்கள் 576, 1024, கூட்டினால் 1600. ஆரத்தின் வர்க்கமும் 1600. புள்ளி சரியாகக் கரையில் நிற்கிறது. கரை உள்ளே சேருமா சேராதா என்பதை ஒருமுறை முடிவு செய்து எல்லா வட்டத்துக்கும் அதையே கடைப்பிடியுங்கள். வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லை.

3. பலகோணம். ஏரிக்கு ஐந்து மூலைகள்: (100, 500), (420, 470), (500, 640), (300, 760), (80, 700). புள்ளி 280, 600. அந்தப் புள்ளியிலிருந்து வலப்புறமாக ஒரு நேர்கோடு இழுத்துக் கரையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். 600 என்ற நெடுக்கில் இரண்டாம், மூன்றாம் மூலைகளை இணைக்கும் கரை ஏறத்தாழ 481-இல் வருகிறது. ஐந்தாம், முதலாம் மூலைகளை இணைக்கும் கரை 90-இல் வருகிறது. வலப்புறம் இருப்பது 481 மட்டும். வெட்டு ஒன்று, ஒற்றைப்படை. ஆகவே புள்ளி ஏரிக்குள். புள்ளி 60, 600 என்றால் 90-உம் 481-உம் வலப்புறம், வெட்டு இரண்டு, இரட்டைப்படை, ஆகவே வெளியே. கரை எத்தனை முறை உள்வாங்கி வளைந்தாலும் இந்த எண்ணிக்கை பொய்க்காது. ஒரு மூலையே கோட்டின்மேல் விழுந்தால் இரண்டு முறை எண்ணிவிடாதபடி, கரையின் ஒரு முனை கோட்டுக்கு மேலேயும் மறுமுனை கோட்டிலோ கீழேயோ இருந்தால் மட்டும் வெட்டாகக் கொள்ளுங்கள்.

இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் வரைந்த வரிசைக்குத் தலைகீழாகச் சோதியுங்கள். உத்திரமேரூர் சாலையை முதலில் வரைந்து அதன்மேல் பேருந்து நிறுத்தத்தை வரைந்திருந்தால், கண்ணுக்கு மேலே தெரிவது நிறுத்தம். கேள்வியும் முதலில் நிறுத்தத்துக்கே போகவேண்டும். பொருந்தியது கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுங்கள்.

சிறிய இடங்களுக்குச் சலுகை

பேருந்து நிறுத்தம் படத்தில் 10 பிக்சல் புள்ளியாக இருக்கலாம். அதைக் குறிபார்த்துத் தொடும்படி யாரையும் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை. கை நடுங்கும் முதியவரும் போனில் பெருவிரலால் தொடுபவரும் உங்கள் பக்கத்துக்கு வருவார்கள். இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளின் 2.2 பதிப்பு, 2023 அக்டோபரில் வெளியானது, தொடும் இடம் குறைந்தது 24 × 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. உயர்ந்த நிலைக்கு 44 × 44. இந்தப் பிக்சல் எந்த அலகில் என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அது பக்கத்தின் அளவு, படத்தின் அளவு அல்ல. 600 அகலத்தில் தெரியும் நம் படத்தில் 24 என்பது படத்தின் 48. அதே படம் போனில் 300 அகலத்தில் தெரிந்தால் விகிதம் 4. அப்போது 24 என்பது படத்தின் 96. ஆகவே சலுகைத் தூரத்தைப் படத்தின் அளவில் நிலையாக எழுதி வைக்காதீர்கள். பக்கத்தின் அளவில் வைத்து, ஏழாம் படியின் விகிதத்தால் ஒவ்வொரு முறையும் பெருக்குங்கள். முதலில் சலுகை இல்லாமல் தேடி, எதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் சலுகையோடு இன்னொரு முறை தேடுவது நல்லது. அப்போது அருகருகே உள்ள இடங்கள் ஒன்றையொன்று விழுங்காது.

கட்டம் கட்டமான பெட்டி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதியைச் சொல்கின்றன. பள்ளிக் கண்காட்சிக்கு 30 குடும்புகளையும் 30 கட்டங்களாகக் காட்டும் பக்கம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 6, நெடுக்கே 5. பெட்டி 600 × 400 என்றால் ஒரு கட்டம் 100 × 80.

1. உள்மூலையிலிருந்து அளந்த எண்களை எடுங்கள்: 296, 150.
2. 296 ÷ 100 = 2.96. பின்னத்தை வெட்டுங்கள்: 2. அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தாதீர்கள். திருத்தினால் 3 என்று அடுத்த கட்டம் வந்துவிடும்.
3. 150 ÷ 80 = 1.875. பின்னத்தை வெட்டுங்கள்: 1.
4. 1 × 6 + 2 = 8. பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் இது ஒன்பதாவது கட்டம்.
5. குறுக்கு சரியாக 600 என்றால் விடை 6 வரும்; அப்படி ஒரு கட்டம் இல்லை. இடது ஓரம் சேரும், வலது ஓரம் சேராது என்ற விதியால் அதை விலக்குங்கள்.

முப்பது செவ்வகங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட இரண்டு வகுத்தல் எளிது. ஆனால் கட்டங்களுக்கு இடையே இடைவெளி விட்டிருந்தால், வகுத்தபின் மிஞ்சும் எண் கட்டத்தின் உள்ளே விழுகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

தமிழ் எழுத்துப்பெட்டியில் கிளிக்

படத்துக்குப் பெயர் எழுதும் பெட்டியை நீங்களே கேன்வாஸில் வரைந்தால், கிளிக் எந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விழுந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். இங்கே அலகு பற்றிய கேள்வி மீண்டும் வருகிறது. திருப்புலிவனம் என்ற பெயரில் நமக்கு 8 எழுத்துகள். யூனிகோடில் அது 14 குறிகள். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். குறிகளை அலகாகக் கொண்டால் கர்சர் நிற்க 15 இடங்கள். எழுத்தை அலகாகக் கொண்டால் 9 இடங்கள். எழுதுபவருக்குத் தேவை 9 இடங்கள்தான். கோயில் என்ற சொல்லில் கேடு இன்னும் வெளிப்படை. ஓகாரத்தின் ஒரு பாதி ககரத்துக்கு இடப்புறமும் மறுபாதி வலப்புறமும் நிற்கும். நினைவகத்திலோ ககரம் முதலில், குறி பிறகு. குறிகுறியாக அகலம் அளக்கும் நிரல் கர்சரைக் ககரத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே நிறுத்திவிடும். அங்கே டகரத்தைத் தட்டினால் கடோயில் என்று ஆகிவிடும்.

1. சொல்லை முதலில் எழுத்துகளாகப் பிரியுங்கள். பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் இதைச் செய்யும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டெல்.செக்மென்டர் உண்டு.
2. தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்து முடியும்வரை உள்ள பகுதியின் அகலத்தை அளந்து வரிசையாக வையுங்கள். கோயில் என்பதற்கு 44, 84, 108 என்று கொள்வோம்.
3. கிளிக்கின் குறுக்கு 58 என்றால் அது 44-க்கும் 84-க்கும் நடுவே, யி என்ற எழுத்தின்மேல்.
4. அந்த எழுத்தின் நடு 64. கிளிக் நடுவுக்கு இடப்புறம். ஆகவே கர்சர் எழுத்துக்கு முன்னால். வலப்புறமாக இருந்தால் பின்னால்.

குறிப்பு: பிரவுசரின் சொந்த எழுத்துப்பெட்டி போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள். இந்தப் பாடு நீங்களே எழுத்தை வரையும்போது மட்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

ஆஃப்செட்-எக்ஸ் உள்ளே அளந்த எண்ணை நேராகத் தரும்போது இத்தனை கழித்தல் எதற்கு என்று கேட்கலாம். தனியாக நிற்கும் ஒரே படத்துக்கு அது சரிதான். கரைக்கோட்டைக் கழிக்கும் வேலையும் மிச்சம். ஆனால் அந்த எண் கிளிக்கை நேரடியாக வாங்கிய உறுப்பிலிருந்து அளப்பது. படத்தின்மேல் கோயில் என்று ஒரு பெயர்ப்பலகையை வைத்து, கிளிக்கை வெளிப்பெட்டியில் கேட்டால், பலகைமேல் விழும் கிளிக் பலகையின் மூலையிலிருந்து 5, 3 என்று வரும். நிரலோ அதைப் படத்தின் 5, 3 என்று எடுத்துக்கொண்டு இடது மேல் மூலைக்கு ஓடும். மூலை எதுவென்று பெயர் சொல்லிக் கழிக்கும் முறை இந்த மாற்றங்களைத் தாங்கும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பட்டன் வைத்துவிட்டால் கணக்கே வேண்டாமே என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. செவ்வக இடங்கள் சிலவே என்றால் பட்டன்தான் நல்லது. விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் இயக்கலாம். வளைந்த ஏரிக்கும் முப்பது இடங்கள் நெருங்கிய தெருவுக்கும் பட்டன் பொருந்தாது. அங்கேயும் பார்வையற்றவருக்கு வழி வேண்டும். படத்தின் கீழே எல்லா இடங்களின் பெயர்களையும் இணைப்புகளாகப் பட்டியலிடுங்கள். படத்துக்கு மாற்றாக அல்ல, படத்தோடு சேர்த்து.

எச்டிஎம்எல்லில் படத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஏரியா குறிச்சொல் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். அது செவ்வகம், வட்டம், பலகோணம் மூன்றையும் அறியும். படம் எப்போதும் ஒரே அளவில் தெரிந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். படத்தை சிஎஸ்எஸ் வழியே சுருக்கினாலோ அதில் எழுதிய எண்கள் கூடவே சுருங்காது. போனில் ஏரி இடம் மாறிவிடும். படத்தை எஸ்விஜியாக வரைந்திருந்தால் நிலைமை மேல்: வடிவங்கள் அளவோடு சேர்ந்து மாறும், எந்த வடிவத்தில் கிளிக் விழுந்தது என்று பிரவுசரே சொல்லும். அந்த வசதி இருக்கும் இடத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விளக்கப் பெட்டியைக் கிளிக்குக்கு அருகே காட்டவோ, ஸ்கேன் செய்த பழைய படத்தில் வேலை செய்யவோ இந்தக் கணக்குத்தான் துணை.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. கேன்வாஸின் உள்ளளவை எழுதாமல் சிஎஸ்எஸ் அளவை மட்டும் கொடுப்பது. அளவு தராத கேன்வாஸ் உள்ளுக்குள் 300 × 150 ஆகவே இருக்கும். எண்கள் எதுவும் பொருந்தாது.
2. விசைப்பலகையால் வந்த கிளிக்கை மவுஸ் கிளிக்காக எண்ணுவது. பட்டனில் என்டர் தட்டினாலும் கிளிக் நிகழ்வு வரும். அதன் எண்கள் 0, 0 ஆக இருக்கலாம். அதை இடம் என்று நம்பினால் பொருந்தாத இடம் தேர்வாகும். நிகழ்வின் டீட்டெயில் எண் 0 என்றால் இடம் பார்க்காமல் அந்த பட்டனுக்கு உரியதைச் செய்யுங்கள்.
3. அழுத்தும்போதே செயலை முடித்துவிடுவது. அழுத்தியபின் தவறை உணர்ந்து மவுஸை வெளியே இழுத்து விடுபவருக்கு வாய்ப்பு வேண்டும். விட்டபின் வரும் கிளிக்கைக் கேளுங்கள்.
4. குறுக்கையும் நெடுக்கையும் மாற்றிப்போடுவது. வரிசை, நெடுவரிசை என்று எண்ணும் கட்டங்களில் இது எளிதில் நேரும். சதுரமான படத்தில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். அகலமும் உயரமும் வேறான படத்தில் சோதியுங்கள்.

பாதுகாப்பு

திரையில் காட்டும் விசைப்பலகையில் கடவுச்சொல் தட்டும் பக்கத்தில் கிளிக் இடங்களைப் பதிவு செய்யவே கூடாது. எந்த இடத்தில் எந்த வரிசையில் கிளிக் விழுந்தது என்பதே கடவுச்சொல். எழுத்தைச் சேமிக்கவில்லை, எண்களைத்தான் சேமித்தோம் என்ற சமாதானம் அங்கே செல்லாது. அழித்தல், பணம் அனுப்புதல் போன்ற திரும்பப்பெற முடியாத செயலைக் கிளிக் இடத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். எது தேர்வானது என்று பெயரைக் காட்டி மறுபடி கேளுங்கள். கிளிக் எண்களை சர்வருக்கு அனுப்பினால், வரம்புக்குள் இருக்கின்றனவா என்று அங்கேயும் சோதியுங்கள். வருவது எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்தே வருகிறது என்று உறுதியில்லை. உங்கள் பக்கத்தைப் பிறர் தம் பக்கத்துக்குள் மறைத்து வைத்துக் கிளிக்கைத் திருட முடியும். அதைத் தடுக்க, பிற தளங்கள் உங்கள் பக்கத்தைச் சட்டமிட்டுக் காட்டக் கூடாது என்ற அறிவிப்பை சர்வரில் அமையுங்கள். கடைசியாக, ஊர்ப்படத்தில் காட்டும் எல்லை வழிகாட்டுவதற்கு மட்டும். நில எல்லைக்கு நில அளவைத் துறையின் புலப்படமே சான்று என்று படத்தின் கீழ் எழுதிவிடுங்கள்.

முடிக்குமுன் சோதனை

1. கோயிலின் நான்கு மூலைகளிலும் ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளேயும் வெளியேயும் கிளிக் செய்து பாருங்கள்.
2. பக்கத்தைப் பாதிவரை மேலே தள்ளி அதையே செய்யுங்கள்.
3. பிரவுசரை 150 விழுக்காடு பெரிதாக்கியும், சன்னலைப் பாதியாகக் குறுக்கியும் செய்யுங்கள்.
4. ஒரு போனில் திறந்து பேருந்து நிறுத்தத்தைத் தொடுங்கள்.
5. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லா இடங்களுக்கும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள்.

ஏதேனும் ஒரு சோதனையில் தவறினால் எண்களை அங்குமிங்கும் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டாம். அப்படிச் சரிக்கட்டிய எண் ஒரு திரைக்கு மட்டும் பொருந்தி அடுத்த திரையில் தவறும். கிளிக்கின் எண்ணை மாற்றிய ஒவ்வொரு படியின் பக்கத்திலும் மூலை, திசை, அலகு மூன்றையும் தாளில் எழுதுங்கள். எந்தப் படியில் இந்த மூன்றில் ஒன்றை உங்களால் எழுத முடியவில்லையோ, பிழை அந்தப் படியில் இருக்கிறது. அதைத் திருத்தினால் மற்ற நான்கு சோதனைகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தை வெளியிடுங்கள்.